மஞ்சள் பூவுக்குச் சிவப்புக் குடை

நவம்பர் 3

இந்த டைரியைப் போன பொங்கலுக்குப் பைப் கம்பெனிக்காரன் கொடுத்தான். முன்பக்கம் ஒரு பைப் படம், பின்பக்கம் அதே பைப் வேறு கோணத்தில். ஜனவரியில் வண்டிக்கு ஆயில் மாற்றியதை எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் எழுதுகிற மாதிரி எனக்கு எதுவும் நடக்கவில்லை. இன்றைக்கு நடந்திருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் கோட்டை விட்ட நான் ஓர் ஆராய்ச்சிக்கு உதவியாளன் ஆகியிருக்கிறேன்.

ஆராய்ச்சி என் மகள் சிந்துஜாவுடையது. மலைமலையாக ஏறிக் காட்டுப்பூக்களைப் படம் எடுப்பதுதான் அவள் படிப்பு. கூட வரவேண்டிய பர்வீன் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். ஒற்றை ஆளாக மலையில் தங்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். சிந்து வேறு யாரையெல்லாமோ கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் வந்தாள். நானும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அரை நிமிடம் யோசிப்பதுபோல் நடித்தேன்.

ஒட்டன்சத்திரத்தில் எங்களுடைய சொட்டுநீர்ப் பாசனச் சாமான் கடையை என் மனைவி ருக்மணி பார்த்துக்கொள்கிறாள். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: “நீங்க போயி என்ன பண்ணப் போறீங்க? பூவுக்கெல்லாம் பைப் இழுத்து உடவா?”

காரியம் இதுதான். செங்காந்தள் என்கிற கார்த்திகைப் பூ எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதன் கிழங்கையும் விதையையும் மருந்துக்கு வாங்குகிறார்கள் என்பதால் தோட்டம் தோட்டமாகப் போட்டிருக்கிறார்கள். என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அதைப் போட்டவர்கள்தான். அந்தப் பூ விரியும்போது மஞ்சள். இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் சிவக்க ஆரம்பித்து, வாடும்போது ரத்தமாக இருக்கும். ஆனால் போன வருடம் இந்த மலைச்சரிவில் ஒரே ஒரு புதரில், வாடிய பூவும்கூட மஞ்சளாகவே இருந்ததைச் சிந்து பார்த்திருக்கிறாள். பேராசிரியர் நம்பவில்லை. “ஒரே பூவை விரியிற நாள்ல இருந்து வாடுற நாள் வரைக்கும் தெனமும் ஒரே நேரத்துல எடுத்துட்டு வா, பாக்கலாம்” என்றாராம். அதற்குத்தான் இந்தக் கூடாரம், இந்த ஸ்டவ், இந்த நான்.

அந்த ஒரு புதரை விட்டால் வேறு கிடையாது. அதனால் மகள் போட்ட முதல் உத்தரவு, மலையின் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது. டைரியில்கூட எழுதக் கூடாது. நான் எழுதவில்லை, பாருங்கள்.

கூடாரம் புஷ்பம் அக்காவின் ஆரஞ்சுத் தோட்டத்து மேல் ஓரத்தில் போட்டிருக்கிறோம். அந்தத் தோட்டத்துக்குப் பைப் போட்டவன் நான்தான். அக்கா கீழே ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறார். கூடாரத்தை நிறுத்த எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சிந்து அதைப் பிரித்துத் திரும்பப் போடப் பத்து நிமிடம் ஆனது.

நவம்பர் 4

விரிந்துவிட்டது!

கூடாரத்திலிருந்து ஏறினால் ஒரு மொட்டைப்பாறை. அங்கே தடம் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கச் சரிவில் சாதாரணக் கார்த்திகைப் பூக்கள் கும்பலாக இருக்கின்றன. இடப்பக்கம் புல்லுக்குள் இறங்கினால் நம் புதர். நேற்று மொட்டாகத் தலைகுனிந்திருந்தது இன்று இதழ்களை மேலே தூக்கி மடித்துக்கொண்டு நின்றது. எலுமிச்சம்பழ மஞ்சள். தண்டில் சிந்து ஒரு நூல் கட்டினாள். “இனிமே நமக்கு இந்தப் பூ மட்டுந்தான், அப்பா.”

என் வேலை, பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்காருவது. வெயிலுக்கு வெயில் படத்தில் நிறம் மாறுமாம். அட்டை கூட இருந்தால் அந்த வெள்ளையை வைத்துப் பூவின் நிஜ நிறம் என்ன என்று அப்புறம் நிரூபிக்கலாமாம். கேமரா பொய் சொன்னால் அட்டை காட்டிக்கொடுக்கும்.

“அப்பா, வெரல் உள்ள வருது. தள்ளிப் புடிங்க.”

தள்ளிப் பிடித்தேன்.

“இப்பவும் வருது.”

என் கட்டைவிரல் அப்படி. கிளாம்ப் அடித்து அடித்து நகம் கறுத்து, பார்க்க ஒரு சின்னக் கரடிமாதிரி இருக்கும். கடைசியில் அது ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நவம்பர் 5

இரண்டாம் நாளும் மஞ்சள்.

மதியத்துக்கு மேல் காசித்தும்பை எடுத்தாள், பூச்சி தின்னும் ஒரு சிவப்புச் செடியை எடுத்தாள், கொசு அளவுக்கு ஒரு நீலப்பூவை மண்ணில் படுத்து எடுத்தாள். நான் பக்கத்தில் படுத்தேன். எழுந்திருக்க அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மொட்டைப்பாறையில் நின்றால்தான் போனில் டவர் கிடைக்கிறது. சாயங்காலம் ருக்மணியிடம் பேசினேன். பூவை என் போனிலும் ஒன்று எடுத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். “சிவக்காத கார்த்திகைப் பூ! என் மகள் சிந்துஜாவின் கண்டுபிடிப்பு. இவண், சொட்டுநீர் சென்னியப்பன்.”

மலைப் பெயர் போடவில்லை. ஆகையால் இதில் தப்பு ஒன்றும் இல்லை.

நவம்பர் 6

காலையில் உயிர் போய் உயிர் வந்தது.

தூறல். கேமரா நனையாமல் நான் குடை பிடித்தேன். சிந்து முதல் படத்தை எடுத்துவிட்டுப் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, செவக்குது.”

எட்டிப் பார்த்தேன். இதழ் ஓரமெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாக இருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு வருடமாக இந்தப் பூவைத் தவிர வேறெதையும் பேசாத பெண், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தலையை மெல்ல நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். என்னையல்ல, எனக்கு மேலே.

“குடையை மடக்குங்க.”

மடக்கினேன். பூ பளீரென்று மஞ்சளானது. பைப் கம்பெனிக்காரன் டைரியோடு கொடுத்த குடை அது. நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு.

“வெள்ளை அட்டையைப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். அதுவும் செவப்பாத்தான் விழுந்திருக்கு” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புஷ்பம் அக்காவிடம் ஒரு கறுப்புக்குடை வாங்கி வந்தேன்.

சாயங்காலம் பாறையில் ஏறிப் பார்த்தால் ஸ்டேட்டஸுக்கு வண்டி வண்டியாகப் பதில். “எல்லாப் பூவும் மொதல்ல மஞ்சதான் மாமா.” “ஆராய்ச்சிக்காரரே, நாளான்னைக்குப் பாருங்க.” “புள்ளைய பூப்பறிக்கவா படிக்க வச்சீங்க?” இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கடையில் வாரம் ஒருதரம் யாராவது கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பில் போடுவேன். இன்றைக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. இன்றைய படத்தையும் வைத்தேன். “மூன்றாம் நாள். இன்னும் மஞ்சள். இப்ப என்ன சொல்றீங்க?”

கீழே இறங்குவதற்குள் போன் அடித்தது. கொளந்தசாமி அண்ணன். எங்கள் வட்டாரத்துக் கார்த்திகைக் கிழங்கும் விதையும் பெரும்பாலும் அவர் கை வழியாகத்தான் போகும். பெரிய ஆள். என்னை அவராகக் கூப்பிட்டது இதுதான் முதல்தடவை.

“ஏப்பா சென்னி, நெசமாவே மஞ்சளா? உம் பொண்ணு கெட்டிக்காரிப்பா. இத்தன வருசமா நா பாக்காத பூவ அது பாத்திருக்குது. எந்தப் பக்கம் கெடக்கறீங்க?”

ஐந்து நிமிடம் பேசினோம். நல்ல மனிதர்.

நவம்பர் 7

மஞ்சள். தண்டில் நூல் பத்திரமாக இருக்கிறது.

காலையில் ரவை உப்புமா கிண்டினேன். அடிப்பிடித்தது. சிந்து குறை சொல்லாமல் சாப்பிட்டாள். மத்தியானம் மூடுபனி. பாறைக்குக் கீழே ஒரு காட்டுமாடு நின்று எங்களையே வெகுநேரம் பார்த்தது. அதற்கு நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று புரிந்திருக்காது.

நேற்று அண்ணனிடம் நான் மலைப் பெயரைச் சொல்லவில்லை. “புஷ்பம் அக்கா தோட்டத்துக்கு மேல” என்று மட்டும்தான் சொன்னேன்.

புஷ்பம் அக்காவை அவருக்குத் தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இன்றைக்கும் கூப்பிட்டார். பூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “மண்ணு எப்படி, பொலபொலன்னு இருக்குதா, கல்லா? கெழங்கு எவ்வளவு ஆழம் போயிருக்கும்?” என்றார். “வேற ஒண்ணுமில்ல, சும்மா வந்து ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னுதான்” என்றார்.

பார்க்க வருகிற ஆளுக்குக் கிழங்கின் ஆழம் எதற்கு?

சிந்து பேராசிரியரிடம் பேச அந்தியில் பாறைக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் கேமராத் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்: “போன்ல ஏதாச்சும் விசேசமாப்பா?”

“ஒண்ணுமில்ல அம்முணி. உங்கம்மா சௌக்கியம்.”

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 8

மஞ்சள். முகத்தில் ரத்தமே இல்லாமல் இருப்பது நான்தான் என்று புஷ்பம் அக்கா சொன்னார்.

பாறையில் போன் வந்தது. “நாளைக்குக் காத்தால வர்றோம். ரெண்டு பசங்க கூட வருவாங்க.” எதற்கு அண்ணா ரெண்டு பசங்க என்றேன். “மேடு ஏறோணுமல்ல, தொணைக்கு” என்றார். பின்னால் யாரோ கடப்பாரை எங்கே என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இறங்கி வந்து கூடாரத்து முன்னால் உட்கார்ந்தேன். சிந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நான் அவளிடமிருந்து கத்தியை வாங்கி இரண்டு வெங்காயம் அரிந்தேன். பிறகு சொன்னேன். ஸ்டேட்டஸ் வைத்தது, இரண்டாவதும் வைத்தது, இடத்தைச் சொன்னது, நாளைக் காலை, கடப்பாரை, எல்லாம்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ஸ்டேட்டஸ் ரெண்டையும் நேத்தே பாத்துட்டேன். எம் நம்பரும் உங்க போன்லதான இருக்குது, அப்பா. மறைக்கறதுக்கு உங்களுக்கு அமுக்கத் தெரியாது.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டேனே. ஒண்ணுமில்லன்னீங்க.”

கத்தியை என்னிடமிருந்து வாங்கி மிச்ச வெங்காயத்தையெல்லாம் அவளே அரிந்தாள். திட்டினால் தேவலாம் போலிருந்தது. கடைசியில் வெங்காயத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எடத்தையும் சொல்லியிருப்பீங்கன்னு மட்டும் நெனக்கல.”

பாரஸ்ட்டுக்குச் சொல்லலாமா என்றேன். அவர்கள் வருவதற்குள் தோண்டிவிடுவார்கள் என்றாள். நானே வழியில் நின்று மறிக்கிறேன் என்றேன். “மறிச்சா அங்கதான் இருக்குதுன்னு உறுதியாயிரும். நாளைக்குத் திரும்பிப் போவாரு, நாம எறங்கினப்புறம் வருவாரு.”

அது சரிதான். கொளந்தசாமி அண்ணனைத் தடுத்துப் பிரயோசனம் இல்லை. அவர் நம்பாமல் போக வேண்டும். அவராகச் சலித்துப்போய் இறங்க வேண்டும்.

கூடாரத்து ஓரத்தில் சிவப்புக்குடை சாய்ந்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

“அம்முணி, ஒரே ஒரு படம்…”

“பூ நெறத்த மாத்தி நான் படம் எடுக்க மாட்டேன். அதுக்காடா மொகத்துல அட்டப்பூச்சி ஏற உட்டுட்டு இங்க உக்காந்திருக்கேன்?” கோபத்தில் என்னை ‘டா’ போட்டுவிட்டாள். அவளுக்கே தெரியவில்லை. எனக்குச் சுகமாக இருந்தது. நேற்றிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன்.

“நீ எடுக்க வேண்டாம். நா எடுக்கறேன். எம் போனு. நாந்தான பொய்க்காரன்.”

வெளிச்சம் மங்குவதற்குள் இரண்டு பேரும் ஏறினோம். அவள் வெள்ளை அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “இது அந்தப் படத்துல வரக் கூடாது.” பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக எடுத்தேன். பூ சிவந்தது. நான் எடுத்த படங்களிலேயே இதுதான் அழகு. வெட்கக்கேடு.

பாறையில் நின்று ஸ்டேட்டஸ் வைத்தேன். “ஐந்தாம் நாள் சிவந்துவிட்டது. அவசரப்பட்டது நான். மகள் மேல் தவறில்லை. சென்னியப்பன்.” அமுக்குவதற்கு விரல் வரவில்லை. அமுக்கினேன்.

நவம்பர் 9

முழுதாக எழுத வேண்டும்.

விடிந்ததும் புஷ்பம் அக்கா கடையில் போய் உட்கார்ந்தேன். சிந்து நம் புதருக்குப் போய்விட்டாள். அங்கேயே சத்தம் காட்டாமல் இருப்பதாக ஏற்பாடு. இரண்டாவது டீ குடிக்கும்போது ஜீப் வந்தது. கொளந்தசாமி அண்ணன், வெள்ளை வேட்டி. பின்னால் இரண்டு பேர். சாக்குச் சுற்றிய ஏதோ ஒன்று. சாக்கு எவ்வளவு சுற்றினாலும் கடப்பாரை கடப்பாரையாகத்தான் தெரியும்.

“செவந்துருச்சுங்கண்ணா” என்று நானே முந்திச் சொன்னேன். “வீணா உங்களையும் அலைய வச்சுட்டேன். ஸ்டேட்டஸ் பாக்கலீங்களா?”

“பாத்தேன், பாத்தேன். குடு போன.” வாங்கி இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. “செவந்துதான் இருக்குது” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அப்பாடா என்று நினைப்பதற்குள் எழுந்தார். “வந்தது வந்தாச்சு. நேர்ல ஒருக்கா பாத்துர்லாம் வா.”

ஏறினோம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார், நான் சிரித்துக்கொண்டே வந்தேன். வலப்பக்கச் சரிவில் ஒரு சாதாரணப் பூவுக்கு நேற்றே நூல் கட்டி வைத்திருந்தேன். அங்கே கூட்டிப்போய்க் காட்டி இறக்கிவிட்டால் முடிந்தது. அந்தத் திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மொட்டைப்பாறைக்கு வந்ததும் அண்ணன் நின்றார். வலப்பக்கத் தடத்தைப் பார்த்தார், புல் மூடிக் கிடந்தது. இடப்பக்கத்தைப் பார்த்தார். ஒரு வாரமாக நாங்கள் போய்ப் போய் வந்ததில் புல் மிதிபட்டு, மாட்டுவண்டி போன மாதிரி ஒரு வழியே விழுந்திருந்தது. எனக்கு இது தோன்றவே இல்லை. பைப் போட்ட வரப்பில் கால்தடம் பார்த்தே எந்த வால்வை யார் திருகினார்கள் என்று சொல்லும் நான், என் தடத்தைப் பார்க்கவில்லை.

“தடம் இங்குட்டல்ல போவுது?” என்றார்.

“அது வேறங்கண்ணா. பூ இங்குட்டு.”

“ஆளு நடமாட்டமெல்லாம் அங்குட்டு இருக்குது, பூ மட்டும் இங்குட்டு இருக்குதா?” கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நல்ல மனிதர் போய்விட்டார், வியாபாரி இருந்தார். கூட வந்த ஒருவன் சாக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு இடப்பக்கம் காலை வைத்தே விட்டான்.

என் வாயில் என்ன வருகிறது என்று யோசிக்காமல் சொன்னேன்: “அண்ணா, அது… ஒதுங்கப் போற தடமுங்கண்ணா. பொம்பளப்புள்ள வேற. காத்தால அங்குட்டுத்தான்…”

சொல்லி முடிக்கவில்லை. கீழே கிடந்த மூடுபனிக்குள்ளிருந்து சிந்துவின் குரல், பதறிப்போய்:

“அப்பா! யாருங்கப்பா கூட?”

பேச்சுச் சத்தம் நெருங்குவதைக் கேட்டுப் பயந்து கத்தியிருக்கிறாள். சத்தம் காட்டாமல் இருப்பதெல்லாம் மறந்துபோய்விட்டது.

கொளந்தசாமி அண்ணன் சட்டென்று முதுகைத் திருப்பினார். வேட்டி நுனியைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். “அட கருமம். டேய்! எங்கடா போறே கழுத? புள்ள இருக்குதுல்ல அங்க! இங்குட்டுத் திரும்பு, ரெண்டு பேரும் திரும்புங்கடா!” என்று பையன்களை விரட்டினார். என்னைப் பார்க்கக்கூட அவருக்குக் கூச்சம். “நீ ஏப்பா இத மொதல்லயே சொல்லக்கூடாதா? பயந்துருக்கும் புள்ள” என்றபடி வலப்பக்கப் புல்லுக்குள் அவரே முன்னால் வேகவேகமாக இறங்கினார்.

“நாந்தான் அம்முணி! நீ இரு!” என்று இடப்பக்கம் பார்த்துக் கத்திவிட்டு நானும் இறங்கினேன். அவர் எங்கள் பூவைக் கெடுக்க வந்தவர். இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்ததை எழுதாமல் விட முடியவில்லை.

வலப்பக்கச் சரிவில் எல்லாப் பூவும் நெருப்பாகச் சிவந்து கிடந்தன. நூல் கட்டிய பூவை அண்ணன் தண்டோடு நிமிர்த்திப் பார்த்தார், மேலும் கீழும் பார்த்தார், இதழைக் கிள்ளி விரலில் தேய்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பையன்களும் சிரித்தார்கள்.

“இதுக்காப்பா கூடாரம்? எந்தோட்டத்துல இதே பூ ஆறு ஏக்கர் கெடக்குது. அங்க வந்து படுத்திருந்தா மூணு வேளைச் சோறும் போட்டிருப்பனே.”

“புத்தி வேணுமுங்களேண்ணா” என்றேன்.

“வந்ததுக்கு ரெண்டு எடுங்கடா” என்றார். கடப்பாரை இறங்கியது. நூல் கட்டின செடிதான். கலப்பை மாதிரிக் கவைக்கிழங்கு, வெள்ளை வேரோடு வெளியே வந்தது. பூ சிவப்பாகவே தொங்கிக்கொண்டிருந்தது. சாக்கில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அந்தச் செடி யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. அடையாளத்துக்கு நான் கட்டிய நூலே அதற்குக் கயிறாகிவிட்டது.

ஜீப் சத்தம் மறையும் வரை கடையில் நின்றுவிட்டு மேலே போனேன். சிந்து புதருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தபடி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவு நேரமும் அப்படியேதான் இருந்திருக்கிறாள்.

“போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

“எப்படி?”

சொன்னேன். கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ அப்பா! ஒட்டன்சத்திரம் பூரா சொல்லுவாரே.”

“அத சொல்ல மாட்டாரு, மானஸ்தன். நா ஏமாந்தத வேணா சொல்லுவாரு.”

பிறகு வலப்பக்கம் நடந்ததையும் சொன்னேன். அவள் எழுந்துபோய் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தாள். பைக்குள்ளிருந்து வெள்ளை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“வாங்க. நேரமாச்சு.”

மஞ்சள்.

நவம்பர் 10

பாறையில் ஏறினால் போன் மூச்சு விடாமல் கத்துகிறது. நூல் கட்டிய சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் நான் அசட்டுச் சிரிப்போடு நிற்கும் படத்தை அண்ணன் விவசாயிகள் குரூப்பில் போட்டிருக்கிறார். எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. கீழே முந்நூறு பேர் சிரிக்கிறார்கள். ஒருவர் என் தலைக்கு ஆராய்ச்சியாளர் தொப்பி வரைந்திருக்கிறார். நன்றாகவே வரைந்திருக்கிறார்.

எல்லோருக்கும் கும்பிடு பொம்மை போட்டேன்.

நவம்பர் 12

இதழ்கள் சுருங்கித் தொங்கிவிட்டன. இன்றைக்குக் கடைசிப் படம். சிந்து வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். வாடிய பூ, காய்ந்த வாழைச்சருகு நிறம், ஆனால் எந்த மூலையிலும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. “முடிஞ்சுதுப்பா” என்றாள். என் கால் மரத்துப்போயிருந்தது. கை கொடுத்துத் தூக்கினாள்.

இறங்குவதற்கு முன் இடப்பக்கத் தடத்தில் கிடந்த புல்லையெல்லாம் இரண்டு பேரும் கையால் நிமிர்த்திவிட்டோம். நிமிரவில்லை. மழை வந்தால் நிமிரும் என்றாள்.

நவம்பர் 20

கடைக்கு இன்று கொளந்தசாமி அண்ணன் வந்தார். அரை இஞ்ச் எல்போ நான்கு வேண்டுமாம். அதற்கு அவர் நேரில் வர வேண்டியதில்லை. ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

“என்றா சென்னி, பூ என்ன சொல்லுது? இன்னும் மஞ்சளாவே இருக்குதா?”

கடையே சிரித்தது. ருக்மணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் நாங்கள் சொல்லவில்லை. சிந்து உள்ளே மூலையில் கம்ப்யூட்டரில் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவள் சடாரென்று திரும்பினாள். முகம் சிவந்திருந்தது, வாயைத் திறந்தேவிட்டாள்.

நான் முந்திக்கொண்டேன். “அஞ்சா நாளே செவந்துருச்சுங்கண்ணா. நீங்கதான் பாத்தீங்களே.” எல்போவைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனதும் ருக்மணி கேட்டாள்: “ஏனுங்க, ஊரே சிரிக்குது, உங்களுக்கு ரோசமே வராதா?”

“வந்துச்சு. மலையிலயே உட்டுட்டு வந்துட்டேன்.”

சாயங்காலம் சிந்து என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். விரிந்த நாள் முதல் வாடிய நாள் வரைக்கும் ஒரே பூ, வரிசையாக. மலைப் பெயர் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் வெள்ளை அட்டையின் ஓரத்தில் என் கறுத்த கட்டைவிரல் துருத்திக்கொண்டிருந்தது.

“இத வெட்டிருலாமே அம்முணி. அசிங்கமா இருக்குது.”

“சாரும் அதத்தான் சொன்னாரு. முடியாதுன்னுட்டேன்.”

“ஏன்?”

“பூ எவ்வளவு பெருசுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியோணுமல்லப்பா. அளவுக்கு இருக்கட்டும்.”